வேண்டாம் என்று சொன்ன பள்ளி

"கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்?" பெற்றோர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்ட இந்தக் கேள்வி என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கேட்டவர் நல்ல மனிதர். எங்கள் பள்ளியின் நிதி திரட்டலில் ஒவ்வொரு வருடமும் முதல் ஆளாக நிற்பவர். மேசை தூக்குவதிலிருந்து உண்டியல் எண்ணுவது வரை அவர் கை படாத வேலை இல்லை. அன்று அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது. கடல் கடந்து இருக்கும் எங்கள் இணைப் பள்ளிக்காகப் பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய புத்தகங்கள் கூடத்தின் ஓரத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. அவற்றை அனுப்ப வேண்டாம் என்று அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை எழுதிய கடிதத்தை எங்கள் செயலாளர் அப்போதுதான் வாசித்து முடித்திருந்தார்.

எந்த நாடு, எந்த ஊர் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அந்த அம்மாவுக்கு இன்னும் பல இடங்களிலிருந்து உதவி வர வேண்டியிருக்கிறது. நன்கொடையை மறுத்தவர் என்ற பேச்சு அவரைச் சுற்றி எழுந்தால் நல்லதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியவில்லை. வெளிநாட்டில் ஒரு பள்ளியைத் தத்தெடுத்த மாதிரி வைத்துக்கொண்டு வருடா வருடம் பணமும் பொருளும் அனுப்பும் பள்ளிகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் எத்தனைக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருக்கும்? வந்ததே இல்லை என்றால், அனுப்பியதெல்லாம் உதவியாக இருந்தது என்று அதற்கு அர்த்தமா?

கடிதம் மிக மரியாதையாக இருந்தது. முதலில் பிள்ளைகளுக்கு நன்றி, அப்புறம் காரணங்கள். நாங்கள் அனுப்பிய பட்டியலை அவர் வரி வரியாகப் படித்திருக்கிறார். பெரும்பாலான புத்தகங்கள் அங்குள்ள பிள்ளைகள் வீட்டில் பேசாத மொழியில், அவர்களுடைய வாசிப்புக்கு எட்டாத நடையில் இருப்பதாக எழுதியிருந்தார். பெட்டிகள் துறைமுகத்தில் இறங்கியதும் சுங்க விடுவிப்பு, கிடங்கு வாடகை, முகவர் கூலி, அங்கிருந்து ஊர் வரை லாரி வாடகை என்று எல்லாம் பெறும் பள்ளியின் தலையில்தான் விழும். முன்பு வேறொருவர் அன்போடு அனுப்பிய சரக்கை மீட்க, ஒரு பருவம் முழுவதற்கும் தாள், சுண்ணக்கட்டி வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்ட வேண்டியிருந்ததாம். பூட்டு உள்ள அறை ஒன்றே ஒன்று, அதில் தேர்வுத் தாள்கள் இருக்கின்றன. இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் ஒன்று கேட்டிருந்தார். கப்பல் செலவுக்கென்று நீங்கள் ஒதுக்கியிருக்கும் தொகையை மட்டும் அனுப்ப முடியுமா? கீழ் வகுப்பு ஆசிரியர் ஒருவருக்கு அரசுச் சம்பளம் கிடையாது. ஊர்ப் பெற்றோர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் கொடுத்துவருகிறார்கள். இந்த வருடம் விளைச்சல் இல்லை, அவர்களால் முடியவில்லை.

பெற்றோரே சம்பளம் கொடுக்கும் ஆசிரியர் என்பதைக் கேட்டு எங்கள் கூட்டத்தில் பலர் புருவம் உயர்த்தினார்கள். ஆனால் உலகின் பல பகுதிகளில் ஆரம்பப் பள்ளிகள் இப்படித்தான் ஓடுகின்றன. மடகாஸ்கரில் பெற்றோர் சங்கம் நியமிக்கும் ஆசிரியர்களுக்கு 'ஃப்ராம்' ஆசிரியர்கள் என்று பெயரே உண்டு. அந்த நாட்டின் அரசு ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களில் பாதிக்குமேல் அவர்கள்தான் என்ற நிலை பல வருடங்கள் இருந்தது. சாட் நாட்டிலும் இதே கதைதான். கல்விக் கட்டணம் ரத்து என்று அரசு அறிவித்த பிறகும் தேர்வுக் கட்டணம், சீருடை, இந்த மாதிரி ஆசிரியரின் சம்பளம் என்று செலவுகள் வேறு வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குக் கூரை இல்லாத வகுப்பறை தெரியும். சம்பளம் வராத ஆசிரியர் தெரிவதில்லை, அவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கரும்பலகை முன்னால் நிற்கத்தான் செய்கிறார்.

பொருள் போய்ச் சேர்ந்த பிறகு

கடிதம் வந்த பிறகுதான், இப்படி அனுப்பிய பொருள்களுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் கிரெமர் என்ற பொருளியலாளர் இளம் வயதில் கென்யாவில் ஒரு பள்ளியில் பாடம் நடத்தியவர். பிறகு அவரும் சக ஆய்வாளர்களும் மேற்குக் கென்யாவின் புசியா பகுதியில், 1996இல் தொடங்கி, ஒரு தொண்டு நிறுவனம் சில பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் கொடுத்ததன் விளைவை அளந்தார்கள். புத்தகமே இல்லாத வகுப்பில் புத்தகம் வந்தால் மதிப்பெண் ஏறும் என்றுதான் யாரும் நினைப்போம். சராசரியில் ஏறவில்லை. ஏற்கெனவே முன்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் பயன்பட்டது. புத்தகங்கள் அரசு பாடத்திட்டப்படி ஆங்கிலத்தில் இருந்தன, பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. கிரெமருக்கு 2019இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது இந்த மாதிரி ஆய்வுகளுக்காகத்தான். இந்த விஷயத்தைத்தான் எங்கள் இணைப் பள்ளித் தலைமையாசிரியை எந்த ஆய்வும் செய்யாமல், பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் எழுதிவிட்டார். வகுப்பறையில் தினமும் நிற்பவருக்குத் தெரியாதா?

அதே பகுதியில் கிரெமரும் இன்னொரு ஆய்வாளரும் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளியில் வைத்துக் குடற்புழு மாத்திரை கொடுத்தபோது பிள்ளைகள் வராமல் போவது கால்பங்கு குறைந்தது என்று 2004இல் வெளியான கட்டுரை சொன்னது. அதன் கணக்கீடுகள் பற்றி அறிஞர்களுக்குள் பிறகு பெரிய வாக்குவாதம் நடந்தது, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வயிற்றில் புழு இருப்பது வகுப்பறைக்கு வெளியே இருக்கும் பிரச்சினை. தூரத்திலிருந்து ஒரு பள்ளிக்கு என்ன தரலாம் என்று யோசிக்கும் எவருக்கும் முதலில் அது தோன்றாது. நமக்குப் பள்ளி என்றால் புத்தகம், பை, மேசை, கணினி.

சில நேரம் கொடுப்பவருக்கு ஒரு பொருள் மிகவும் பிடித்துப்போவதே ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் உருவான 'பிளேபம்ப்' அப்படிப்பட்டது. பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாட, அந்தச் சுழற்சியில் நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும். கேட்டவுடன் யாருக்கும் மனம் குளிரும். 2006இல் அமெரிக்காவில் பெரிய மேடையில் பெரும் நிதி அறிவிக்கப்பட்டு, 2010க்குள் 4,000 பம்புகள் என்று இலக்கு வைத்தார்கள். நடந்தது என்ன? பல இடங்களில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெண்கள் அந்தப் பெரிய சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். முன்பிருந்த சாதாரணக் கைபம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்த ஊர்களில் அவர்களுக்கு வேலை கூடிப்போனது. சொல்லப்பட்டபடி 2,500 பேருக்குத் தண்ணீர் வேண்டுமானால் பிள்ளைகள் ஒரு நாளில் 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. பணம் போட்ட அறக்கட்டளையே பிறகு, திட்டம் எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டது. அந்த வெளிப்படைத்தன்மையை நான் மதிக்கிறேன். ஆனால் பழைய பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தப் பெண்களில் ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்லி, அது கேட்கப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அரசுகளும் இதைத்தான் செய்துவந்தன. 'உதவி தருகிறேன், ஆனால் என் நாட்டில் செய்த பொருளாக வாங்கிக்கொள்' என்ற நிபந்தனையோடு வரும் உதவியில் பொருளின் விலை 15 முதல் 30 சதவீதம் வரை கூடிவிடுகிறது என்று, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இந்த நிபந்தனைகளைத் தளர்த்த 2001இலிருந்து பரிந்துரைகள் உண்டு. எங்கள் புத்தகப் பெட்டிகளும் சின்ன அளவில் அதே வகைதான். கப்பல் செலவு, அந்த ஆசிரியரின் ஒரு வருடச் சம்பளத்துக்கு மேலே போனது.

மறுக்க முடியாத இடம்

அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். வாங்கிக்கொள்வதில் என்ன கஷ்டம்? எனக்குத் தோன்றுவது இதுதான்: பெறுகிற பள்ளிக்கு மிகப் பெரிய கஷ்டமே 'வேண்டாம்' என்று சொல்வது. இந்த வருடப் புத்தகத்தை மறுத்தால் அடுத்த வருடக் கழிப்பறை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். தலைமையாசிரியைக்கு மேலே மாவட்ட அதிகாரி இருப்பார், ஊர்ப் பெரியவர்கள் இருப்பார்கள். வந்த உதவியைத் திருப்பிவிட்டாய் என்று நாளைக்கு யாராவது கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பெரும்பாலானவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். நன்றிக் கடிதம் எழுதுகிறார்கள். படம் எடுத்து அனுப்புகிறார்கள். கொடுத்தவரும் மகிழ்ந்து அடுத்த வருடமும் அதையே செய்கிறார்.

நன்றிக் கடிதங்களைப் பற்றி நிறைய நாளாக எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் அவை ஒட்டப்பட்டிருக்கும். ஒரே மாதிரி வாசகம், ஒரே மாதிரி பூப்படம். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட, ஒரு வகுப்பே பாடத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறது என்பது பார்த்தாலே தெரியும். எங்களுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தப் பள்ளிக்குக் கொடுப்பவர்கள் பலர், ஒவ்வொருவருக்கும் ஒரு காலை வேளை போகிறது. ஒவ்வொருவரும் தனித்தனிப் படிவத்தில் அறிக்கை கேட்கிறார்கள். எழுத்தர் இல்லாத பள்ளியில் அதையெல்லாம் இரவில் உட்கார்ந்து நிரப்புவதும் ஆசிரியர்தான். அப்புறம் படங்கள். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையின் முகத்தைச் செய்திமடலில் போட வேண்டுமென்றால் வீட்டுக்குப் படிவம் அனுப்பிக் கையெழுத்து வாங்குகிறோம். கையில் எங்கள் பள்ளிப் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் யார் கையெழுத்து வாங்கினார்கள்? அந்த அட்டையைப் பிடிக்க அவர்களில் ஒருவருக்கு விருப்பமில்லாமல் இருந்திருக்கலாம். அதையும் அவர்களால் சொல்லியிருக்க முடியாது.

அப்படியானால் இந்தத் தலைமையாசிரியையால் எப்படிச் சொல்ல முடிந்தது? நான் யூகிப்பது: எங்கள் சங்கத்தின் பழைய பொருளாளர் ஒருவர், விழா எடுத்துத் திரட்டும் பணத்துக்கு வெளியே, ஒரு சிறு தொகையை வருடந்தோறும் தவறாமல் அனுப்பிவந்தார். அதற்குத் தலைப்பு கிடையாது, படம் கேட்டதில்லை, 'எதற்குச் செலவழித்தீர்கள் என்று வருடக் கடைசியில் இரண்டு வரி எழுதினால் போதும்' என்பதோடு சரி. விழாவில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. ஆனால் அந்தப் பணம் வந்துகொண்டே இருந்ததால்தான், ஒன்றை மறுத்தாலும் இவர்கள் ஓடிவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை அங்கே வளர்ந்திருக்க வேண்டும். எங்கள் மேடைகள், பதாகைகள், நிதி நடைகள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அந்தச் சிறு தொகை செய்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரொக்கப் புத்தகத்தின் ஒரு பக்கம்

கூட்டம் ஒரு முடிவுக்கும் வராததால், அவரிடமே பேசிவிடலாம் என்று வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். புத்தகம் சேர்த்தவர்கள் என்பதால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரையும் உட்கார வைத்தோம். இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. கடைசியில் அவர் அலுவலக அறையிலிருந்து வெளியே வந்து, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நின்றுகொண்டு பேசினார். பின்னால் பிள்ளைகள் ஏதோ வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம்.

அதே அப்பாதான் கேட்டார், குரலில் மரியாதை குறையாமல். "மேடம், சம்பளத்துக்குப் பணம் கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் எதைக் காட்டுவது? ஒரு கட்டடம் என்றால் படம் காட்டலாம். புத்தகம் என்றால், இதோ படிக்கிறார்கள் என்று காட்டலாம். சம்பளத்தை எப்படிக் காட்டுவது?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், "கணக்கைக் காட்டுங்கள்" என்றார். தன் பள்ளியின் ரொக்கப் புத்தகத்தில் அந்த மாதப் பக்கத்தை அன்றே படம் எடுத்து அனுப்புவதாகச் சொன்னார். ஊர்ப் பெற்றோர் குழுவுக்கு மாதம் தவறாமல் காட்டும் பக்கம்தான், உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை என்றார். அடுத்து, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "உங்கள் பள்ளியின் கணக்கையும் அனுப்புங்கள். எங்கள் மேல் வகுப்புப் பிள்ளைகள் இப்போது சதவீதம் படிக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல பயிற்சியாக இருக்கும்" என்றார்.

எங்கள் பக்கம் யாரும் பேசவில்லை. பள்ளி முதல்வர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். எங்கள் வரவு செலவு ரகசியம் இல்லை. வருடாந்தரக் கூட்டத்தில் அச்சடித்துக் கொடுப்பதுதான். இருந்தும் அதை அந்தப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று இத்தனை வருடத்தில் எவருக்கும் தோன்றியதில்லை. அவர்களுடைய கிணறு, கூரை, தேர்ச்சி விகிதம், கழிப்பறை எண்ணிக்கை எல்லாம் எங்களுக்குத் தெரியும். எங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு பெயர்ப் பலகையும் சிரித்த முகங்களும். பார்ப்பவராக மட்டுமே இருந்து பழகிய எங்களை ஒருவர் இயல்பாகத் திரும்பிப் பார்க்கக் கேட்டபோது கூடம் முழுக்கத் திகைத்தது. அந்தத் திகைப்பை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் சவாலாகக் கேட்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. ஒரு பள்ளி இன்னொரு பள்ளியிடம் கேட்கும் சாதாரண விஷயமாகத்தான் அவருக்கு அது இருந்தது.

பக்கம் அன்று மாலையே வந்தது. நீல மையில், கோடு போட்ட நோட்டில், நேர்த்தியான கையெழுத்து. சுண்ணக்கட்டி. ஒரு பூட்டு. தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கான தொகை. மாவட்ட அலுவலகம் போய்வந்த பேருந்துக் கட்டணம். பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குக் கீல். கைபம்புக்கு வாஷர். இன்னொரு தேதியில் மறுபடியும் வாஷர். எங்கள் கணக்கு ஆசிரியை அந்தப் பக்கத்தை அப்படியே வகுப்புக்கு எடுத்துப்போனார். ஏன் திரும்பத் திரும்ப வாஷர் என்று பிள்ளைகள் கேட்க, பாடம் எங்கெங்கோ போயிற்று. ஆப்பிரிக்காவின் கிராமப்புறக் கைபம்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று எந்த நேரத்திலும் பழுதாகிக் கிடக்கிறது என்ற மதிப்பீடு பல வருடங்களாகப் பேசப்படுகிறது. பம்பு வைக்கப் பணம் தருபவர் பலர். தேய்ந்துபோன ரப்பர் வளையத்துக்குப் பணம் தருபவர் குறைவு. ஒரு புத்தகக் கொடை விழாவில் எங்கள் பிள்ளைகள் இதைக் கற்றிருக்க மாட்டார்கள்.

எங்கள் கணக்கும் போனது. முதல்வர் தயங்கித்தான் சம்மதித்தார், தனிநபர் சம்பளங்களை மட்டும் மொத்தமாகச் சேர்த்துக் காட்டி மற்றதை அப்படியே அனுப்பினார்கள். பதிலுக்கு அங்குள்ள பிள்ளைகளின் கேள்விகள் வந்தன. மென்பொருளுக்கு ஏன் வருடா வருடம் கட்டுகிறீர்கள், ஒரு முறை வாங்கினால் போதாதா? மின்சாரச் செலவு விடுமுறை மாதத்திலும் குறையவில்லையே, யார் அப்போது பள்ளியில் இருக்கிறார்கள்? விடுமுறை மின்சாரக் கேள்விக்கு எங்களில் எவருக்கும் பதில் தெரியவில்லை. பிள்ளைகள் போய் விசாரித்தபோது, ஆளில்லாத ஒரு கட்டடத்தில் சூடேற்றியும் விளக்குகளும் நேரக் கருவி திருத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதை நிறுத்தினார்கள். பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து சதவீதம் படித்த பிள்ளைகள் எங்கள் பள்ளிக்குச் செய்த உதவி அது. எங்கள் அறிவிப்புப் பலகையில் இப்போது அவர்களுக்கு எங்கள் பிள்ளைகள் எழுதிய பதில் கடிதத்தின் நகல் இருக்கிறது. அதை யாரும் கரும்பலகையில் எழுதிப்போடவில்லை.

பணம் எங்கே போகும் என்ற பயம்

சம்பளம், வாஷர், கீல் என்று தலைப்பில்லாமல் பணம் கொடுத்தால் யாராவது எடுத்துக்கொண்டால்? இந்தப் பயத்தை நான் லேசாகத் தள்ள மாட்டேன். பிள்ளைகள் வெயிலில் நடந்து சேர்த்த பணம் அது. ஆனால் பொருளாக அனுப்பினால் பத்திரம் என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்தான். பொருளும் விற்கப்படலாம், கிடங்கில் மக்கிப்போகலாம். பணத்தைக் காப்பது வெளிச்சம். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, மாணவருக்கு இவ்வளவு என்று அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம் மட்டுமே ஆரம்பப் பள்ளிகளை எட்டியதாக ரித்வா ரெய்னிக்கா, யாக்கோப் ஸ்வென்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று அரசு நாளிதழ்களில் வெளியிட ஆரம்பித்தது. பள்ளிகளும் வந்த தொகையை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்றானது. 2001இல் பள்ளிகளை எட்டிய பங்கு சுமார் 80 சதவீதம். நாளிதழ் மட்டுமே காரணமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனாலும் தன் பிள்ளையின் பள்ளிக்கு எவ்வளவு வந்தது என்று தெரிந்த பெற்றோரைவிட நல்ல தணிக்கையாளர் கடல் கடந்து இருக்கும் எங்கள் சங்கத்தில் இல்லை. அதனால் நாங்கள் இப்போது கேட்பது ஒன்றுதான்: நாங்கள் அனுப்பும் தொகையை அங்குள்ள பெற்றோர் பார்க்கும்படி பள்ளிச் சுவரில் எழுதுங்கள். வங்கியில் இரண்டு பேர் கையெழுத்து. அவ்வளவுதான்.

பணம் அனுப்புவதும் எளிதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிறு தொகைகளை நாடு விட்டு நாடு அனுப்ப உலகச் சராசரியில் 6 சதவீதத்துக்கு மேல் கட்டணமாகவே போய்விடுகிறது. 2030க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐநாவின் இலக்குகளில் ஒன்று. பெறும் நாட்டின் சட்டமும் இருக்கிறது. இணைப் பள்ளி இந்தியாவில் இருந்தால், 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் அந்தப் பள்ளி உங்கள் நன்கொடையைத் தொட முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும், வேறொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. தெரிந்தவர் ஒருவர் கணக்கில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நல்ல மனதோடு செய்யப்போய், சிக்கலில் மாட்டுவது பெறுகிற பள்ளிதான். முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

பொம்மைகள் போன வருடம்

பதிலுக்கு ஒன்றும் எதிர்பார்க்காமல் கொடுப்பதே உயர்ந்தது என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தனி மனிதரின் தருமத்துக்கு அது சரியாக இருக்கலாம். இரண்டு பள்ளிகளின் உறவுக்கு அது பொருந்தாது என்பது என் எண்ணம், காரணம் பிள்ளைகள். எப்போதும் கொடுத்துக்கொண்டே வளரும் பிள்ளையும் எப்போதும் வாங்கிக்கொண்டே வளரும் பிள்ளையும் தங்களைப் பற்றித் தவறான ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள். 1924இல் அமெரிக்கா ஜப்பானியர் குடியேற்றத்தைத் தடுத்துச் சட்டம் போட்டது. அந்தக் கசப்பைப் பிள்ளைகள் வழியாகவாவது குறைக்கலாம் என்று சிட்னி குலிக் என்ற மதபோதகர் முயன்றதில், 1927இல் அமெரிக்கப் பிள்ளைகள் 12,000க்கும் மேற்பட்ட பொம்மைகளை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சீட்டும் கடிதமும் வைத்து. ஜப்பான் நன்றிக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அங்குள்ள சிறுமிகள் ஆளுக்கு ஒரு சென், அதாவது யென்னில் நூறில் ஒரு பங்கு, போட்டுச் சேர்த்த பணத்தில், தேர்ந்த கலைஞர்களைக் கொண்டு 58 பெரிய பொம்மைகளைச் செய்து அதே வருடம் திருப்பி அனுப்பினார்கள். பிறகு போர் வந்தது, ஜப்பானுக்குப் போன பொம்மைகளில் பெரும்பாலானவை எதிரியின் பொம்மைகள் என்று அழிக்கப்பட்டன. சிலவற்றை ஆசிரியர்கள் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள், முந்நூறு போல இன்றும் இருக்கின்றன. பொம்மைகளால் போரைத் தடுக்க முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிறுமிகள் ஒரு சென் போட்டதால் அந்த உறவில் இரு பக்கமும் கொடுத்தவர்களாக இருந்தார்கள்.

எங்கள் புத்தகப் பெட்டிகள் இங்கேயே, அந்த மொழியைப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் பள்ளிகளுக்குப் போய்விட்டன. கப்பல் செலவுப் பணம் ஆசிரியர் சம்பளத்துக்குப் போனது. இப்போது சங்கத்தில் ஓடும் விவாதம் இன்னும் கடினமானது. ஒரு வருடச் சம்பளம் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் விழாவில் கூட்டம் வரவில்லை என்று நிறுத்தினால், நாங்கள் ஒரு மனிதரின் பிழைப்போடு விளையாடியவர்கள் ஆவோம். அதனால் மூன்று வருடத்துக்கு எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும், திரட்டியது குறைந்தால் சங்கத்தின் சேமிப்பிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்று பொருளாளர் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பதவியை அரசு ஏற்கும்படி மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். நடக்குமா என்பது அவர் கையிலும் இல்லை. சேமிப்பைத் தொடக் கூடாது என்பவர்கள் சங்கத்தில் கணிசமாக இருக்கிறார்கள், அந்தச் சேமிப்பு எங்கள் விளையாட்டுத் திடலுக்கென்று வைத்தது. அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. நான் ஆதரித்து வாக்களிக்கப்போகிறேன். தீர்மானத்தை வழிமொழிய முன்வந்திருப்பவர், வாங்கிக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று கேட்ட அந்த அப்பா.